நீர்மட்டத்துக்குக் கீழே

அதிகாலை மூன்றே முக்கால். விழிப்பு.

எழ வேண்டிய காரணம் எதுவும் இல்லை. மின்விசிறி சுற்றுகிறது. அடுத்த அறையில் அம்மா புரண்டு படுக்கிறாள். கட்டிலின் சுவரோரப் பக்கத்தில்தான் இன்னும் படுக்கிறாள். மறுபக்கத்தில் போர்வை மடித்தபடி இருக்கிறது.

*

கப்பலில் நான்கு மணிக்கு வாட்ச் மாறும். அடுத்து நிற்க வேண்டியவரைக் கால்மணி முன்னதாகத் தோளைத் தொட்டு எழுப்புவார்கள். ஏணிகளில் இறங்க, கண் வெளிச்சத்துக்குப் பழக, முன்னால் நின்றவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ள அந்தக் கால்மணி.

1980க்குப் பிறகு அப்பாவின் தோளை யாரும் தொடவில்லை. அவர் எழுந்துகொண்டேதான் இருக்கிறார். வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார். கேஸ் குழாயைத் தொட்டுப் பார்க்கிறார். எங்கள் போர்வையைத் தொட்டுப் பார்க்கிறார். போய்ப் படுக்கிறார்.

விளக்கைப் போடுவதில்லை.

*

ஒரு நாளுக்கு ஏழு வாட்ச். ஐந்து வாட்ச் நான்கு மணி நேரம். மாலை நான்கிலிருந்து எட்டு வரை உள்ளதை மட்டும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பிரிவு இல்லாவிட்டால் ஒரே ஆளுக்குத் தினமும் நடுச்சாமம் விழும்.

எந்தக் காலத்திலோ யாரோ இதை யோசித்திருக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவனின் தூக்கத்தைப் பற்றி.

*

அவர் ஸ்டோக்கர். பாய்லர் அறையில் வேலை.

நேவிக்காரர் என்றதும் ஊர் கடலைப் பற்றித்தான் கேட்கிறது. அலை பனை உயரம் வருமா. திமிங்கிலம் கப்பலை முட்டுமா. அப்பா சிரிக்கிறார்.

அவர் நின்ற இடத்தில் ஜன்னல் கிடையாது. இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் அவர்.

*

தேரிக்காட்டுப் பிள்ளை. சாத்தான்குளம் பக்கம். செம்மணல், பனை, உடைமரம். காற்றுக் காலத்தில் மணல் நகர்ந்து வந்து வேலியை மூடும். நீந்துகிற அளவுக்கு எங்கும் தண்ணீர் இல்லை. பனையேறியின் மகன். கடலை முதலில் பார்த்தது திருச்செந்தூர் ஆவணித் திருவிழாவில், அவருடைய அய்யாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு.

1964. பதினேழு வயது. சீனப் போர் முடிந்து இரண்டு வருஷம். முப்படைக்கும் ஆள் எடுக்கிறார்கள். உயரம் அளக்கிறார்கள், மார்பை அளக்கிறார்கள், பல்லைப் பார்க்கிறார்கள். ஓடச் சொல்கிறார்கள். தேரி மணலில் ஓடிய கால்களுக்குச் சென்னையின் கட்டாந்தரை லேசாக இருக்கிறது.

விசாகப்பட்டினத்தில் பயிற்சி. அங்கேதான் நீச்சல் பழகுகிறார். பிறகு லோனாவ்லா. ஐ.என்.எஸ். சிவாஜி. கடலிலிருந்து மலையேறிப் போய்க் கப்பல் இயந்திரம் படிக்கிறார்.

*

பாய்லர் அறையைப் பற்றி அவர் சொன்னது கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பல வருஷங்களில் பரவிக் கிடக்கிறது. ஒரு சாப்பாட்டு வேளையில் ஒரு வாக்கியம். கரண்ட் போன இரவில் இன்னொன்று.

இரண்டு கதவு. ஒன்றை அடைத்த பிறகுதான் மற்றதைத் திறக்கலாம். உள்ளே காற்றை அழுத்தி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் எரிய அவ்வளவு காற்று வேண்டும். உள்ளே போனதும் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் விடும்.

பிறகு சத்தம். ஊதுவிசிறியின் சத்தம், தீயின் சத்தம், பம்பின் சத்தம். மூன்றும் சேர்ந்து, சத்தம் என்றே தோன்றாத ஒன்று. வாயால் பேசிப் பயனில்லை. கை பேசும். ஒரு விரல் மேலே, இன்னொரு பர்னரைத் திற. உள்ளங்கை கீழே, குறை.

வெப்பம். சட்டை நனையும், காயும், உப்புப் பூக்கும், மறுபடி நனையும். கழுத்தில் ஒரு பருத்தித் துணி. விழுங்க உப்பு மாத்திரை. ஏணியின் கைப்பிடியை வெறுங்கையால் பிடிக்க முடியாது.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரலில் குறை இல்லை. பெருமையும் இல்லை. இந்த வருஷம் பதனி எப்படி என்று கேட்டால் பதில் சொல்கிற குரல்.

*

கேஜ் கிளாஸ்.

பாய்லரின் நெற்றியில் நிமிர்ந்து நிற்கும் ஒடுக்கமான கண்ணாடி. அதற்குப் பின்னால் ஒரு விளக்கு. உள்ளே தண்ணீரின் மட்டம் தெரிகிறது. கப்பல் சாய, மட்டமும் சாய்கிறது.

மட்டம் இறங்கினால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். ஏறினால் நீராவியோடு தண்ணீரும் போய் டர்பைனின் தகடுகளை உடைக்கும்.

நடுவில் நின்றால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தான் அங்கே ஓர் ஆள்.

நான்கு மணி நேரம். கண் அதிலேயே.

*

எதையும் எதிர்பார்க்காமல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பது. மூச்சு உள்ளே. மூச்சு வெளியே. எங்கோ ஒரு வண்டி கியர் மாற்றுகிறது.

அப்பா தியானம் என்ற சொல்லை ஒருமுறையும் சொன்னதில்லை.

*

புகைபோக்கியைக் கீழிருந்தே பார்க்க ஓர் ஏற்பாடு உண்டு. கண்ணாடி வைத்த சிறு ஜன்னல். கறுப்பாகத் தெரிந்தால் காற்று போதவில்லை. வெள்ளையாகத் தெரிந்தால் காற்று அதிகம். இரண்டும் இல்லாமல், லேசான ஒரு மங்கல் மட்டும் தெரிய வேண்டும்.

எதிரி முதலில் பார்ப்பது கப்பலை அல்ல. புகையை.

நான்கு மணி நேரத்தில் அவர் பார்க்கக் கிடைத்த வானம் அந்த மங்கல்தான்.

*

இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்குகிறாள் அம்மா. வெள்ளையாக எழுகிறது.

"அது நீராவி இல்ல" என்கிறார் அப்பா. "நீராவி கண்ணுக்குத் தெரியாது. தெரியுதுன்னா, திரும்பத் தண்ணியா மாறிட்டுன்னு அர்த்தம்."

பக்கத்து அடுப்பில் கெட்டில் கொதிக்கிறது. அதன் மூக்கைக் காட்டுகிறார். மூக்குக்கும் வெள்ளைக்கும் நடுவில், ஒரு விரல் அகலத்துக்கு, ஒன்றுமே இல்லாத இடம்.

"அங்கதான் இருக்கு."

கப்பலில் நீராவிக் குழாய் கசிந்தால் சீறல் மட்டும் கேட்கும். எங்கிருந்து என்று தெரியாது. துடைப்பக் கட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கிறார்கள். கட்டை எங்கே வெட்டுப்படுகிறதோ அங்கே கசிவு.

அவர் முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு. நாலணாக் காசு அளவு. வழவழப்பு. ரோமம் இல்லை. சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி. மடியில் உட்கார்ந்தால் என் விரல் தானாக அங்கே போகிறது. அவர் கையை விலக்குவதில்லை.

*

1971. ஐ.என்.எஸ். விக்ராந்த். விமானம் தாங்கிக் கப்பல். பாய்லர் நான்கு. அதில் ஒன்றில் விரிசல்.

ஏறத்தாழ 25 நாட் வேகத்தில் ஓடக் கட்டிய கப்பல். மூன்று பாய்லரை வைத்துக்கொண்டு, அழுத்தத்தையும் குறைத்துக்கொண்டு, 16 நாட் அளவில்தான் ஓடுகிறது. அதே நீராவிதான் கப்பலை ஓட்ட வேண்டும். அதே நீராவிதான் மேல்தளத்தில் ஸீ ஹாக் விமானத்தை இழுத்து எறிய வேண்டும். ஒரு விமானம் எழும்பும்போது கீழே அழுத்தமானியின் முள் இறங்குகிறது. பர்னர்கள் திறக்கின்றன. முள் ஏறுகிறது. அடுத்த விமானம்.

அப்பா பார்த்த போர் அந்த முள்.

*

மேற்கிலிருந்து கிழக்குக் கடலுக்குக் கப்பல் வருகிறது. சேதுவில் ஆழம் இல்லை. பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். அவருடைய ஊர் அந்தத் தீவுக்கு மேற்கே. அவர் தீவுக்குக் கிழக்கே.

எந்த நேரத்தில் கடந்தது என்று அவருக்குத் தெரியாது. வாட்ச்சில் நின்றிருக்கலாம். தூங்கியிருக்கலாம்.

*

டிசம்பர் 4. காக்ஸ் பஜார், சிட்டகாங். விமானங்கள் போய்த் திரும்புகின்றன.

சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு டீக்கடை. ரேடியோ. ஆச்சி கடைக்கு வெளியே, வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மகன் எந்தக் கப்பலில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கப்பல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கப்பல் அந்தமான் தீவுகளுக்கு நடுவில் மறைந்து நின்றதெல்லாம் பின்னால் தெரிய வந்தது.

செய்தி முடிந்து பாட்டு வைக்கிறார்கள். ஆச்சி எழுந்து போகிறாள்.

*

விக்ராந்தைத் தேடி வந்த நீர்மூழ்கி ஒன்று. பி.என்.எஸ். காஜி. விசாகப்பட்டினத்துக்கு வெளியே, 3ஆம் தேதி இரவுக்கும் 4ஆம் தேதி காலைக்கும் இடையில் மூழ்குகிறது. உள்ளே இருந்த யாரும் திரும்பவில்லை.

வருஷங்கள் கழித்து யாரோ அதை வெற்றியாகச் சொல்கிறார்கள். வீட்டுத் திண்ணை. அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"அவங்களும் கீழதான் இருந்தாங்க" என்கிறார்.

பேச்சு வேறு எதற்கோ போகிறது.

*

டிசம்பர் 9. அரபிக் கடல். டையூவுக்குத் தெற்கே ஐ.என்.எஸ். குக்ரி. நீர்மூழ்கியின் டார்ப்பிடோ. சில நிமிடங்கள்.

18 அதிகாரிகள். 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. நாடு அவரை நினைவில் வைத்திருக்கிறது. வைத்திருக்க வேண்டியதுதான்.

176 பேரின் பெயர்களைப் படித்தவர்கள் குறைவு. பாய்லர் அறையில் நின்றவர்களுக்கு மேல்தளம் எத்தனை ஏணி தூரம் என்று யாரும் எழுதிப் படித்ததில்லை. எழுதியிருக்கலாம்.

லோனாவ்லாவில் அப்பாவோடு படித்த ஒருவர் அந்தப் பெயர்களில் இருக்கிறார். ஒரே வரிசையில் படுத்தவர்கள். அவரைப் பற்றி அப்பா சொன்னது ஒன்றுதான். அவர் நன்றாகச் சப்பாத்தி தேய்ப்பார்.

வீட்டில் சப்பாத்தி என்றால் அப்பாதான் தேய்க்கிறார். வட்டம் வரும்வரை பேசுவதில்லை.

*

இன்லண்ட் லெட்டர். நீலம். முகவரியில் ஊர் இல்லை, கடல் இல்லை. கப்பல் பெயர், கேர் ஆஃப் ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய். கப்பல் எங்கே நின்றாலும் பம்பாய்தான்.

"இங்கு நான் நலம். அங்கு உன் நலமும் பிள்ளைகள் நலமும் அறிய ஆவல்." பிறகு மணியார்டர் விவரம். பிறகு ஓலைக் கூரையை மாற்றச் சொல்வது. பிறகு இடம் காலி.

அம்மா அந்தக் காலி இடத்தையும் மடித்து வைத்திருக்கிறாள். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு கட்டு. கருப்பட்டி வாசம் ஏறியிருக்கிறது.

*

லீவில் வருகிறார். கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்ட்டில் பெயரும் எண்ணும். திறந்தால் சோப்பு, எண்ணெய், இரும்பு, இன்னும் ஏதோ. அந்த ஏதோவுக்குப் பெயர் கிடைக்கவில்லை. ஃபர்னஸ் ஆயில் என்று பின்னால் தெரிகிறது. துவைத்தாலும் போவதில்லை.

முதல் சில இரவுகள் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. வீடு அவ்வளவு அமைதி. பனையோலை உரசுவது, எங்கோ ஒரு நாய், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

பாயைச் சுருட்டிக்கொண்டு மாமாவின் தோட்டத்துக்குப் போகிறார். கிணற்றடியில் டீசல் மோட்டார் அறை. இரவில் தண்ணீர் பாய்கிறது. மோட்டார் ஓடுகிறது. சுவர் அதிர்கிறது.

அங்கே தூங்குகிறார். காலையில் தூக்குச்சட்டியில் காபி கொண்டுபோவது நான். மோட்டாரை நிறுத்தியதும் கண் விழிக்கிறார்.

*

சத்தம் நிற்பது. அந்த முதல் நொடி. காதுக்குள் எதுவோ விரிந்து, விரிந்து.

*

1980. பென்ஷனோடு வெளியே வருகிறார். முப்பத்து மூன்று வயது. தூத்துக்குடியில் அனல்மின் நிலையம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. மின்வாரியத்துக்கு பாய்லர் தெரிந்த ஆள் வேண்டும்.

மறுபடி பாய்லர். இங்கே எரிவது நிலக்கரி. கிழக்குக் கரையின் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வருகிறது. நீராவியைக் குளிர்விக்கக் கடல் தண்ணீர். ஐந்து அலகுகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட். கடைசி அலகு வந்தது 1992இல்.

இந்த பாய்லர் அசைவதில்லை. கேஜில் தண்ணீர் ஆடாமல் நிற்கிறது. முதல் மாதங்களில் அது ஒரு மாதிரி இருந்தது என்கிறார்.

ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வருகிறார். அதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. தினமும் வீட்டுக்கு வருகிறார்.

*

வீட்டில் அவர்.

தன் துணியைத் தானே துவைக்கிறார். எங்கள் பள்ளிச் சீருடையை அவரே இஸ்திரி போடுகிறார். காலரில் தொடங்கி, தோள், கை, முதுகு, கடைசியில் முன்பக்கம். வரிசை மாறுவதில்லை. இஸ்திரிப் பெட்டியின் சூட்டை அறிய விரலை நாக்கில் நனைத்துத் தொடுகிறார். சின்னச் சீறல். சரி என்கிறது முகம்.

வெங்காயம் உரித்துக் கொடுக்கிறார். அக்கம்பக்கத்தில் பெண்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர் பாட்டுக்கு உரிக்கிறார்.

ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மதிப்பெண்களைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. பேனாவுக்கு மூடி போட்டுத் திருப்பித் தருகிறார்.

*

தொட்டில்.

என் மகனுக்காக. உத்தரத்தில் கயிறு. அம்மாவின் பழைய நூல்சேலை. ஒரு வளையம் போடுகிறார். கயிற்றின் நுனியை வளையத்துக்குள் கீழிருந்து மேலே எடுக்கிறார். நிற்கும் கயிற்றைப் பின்னால் சுற்றி, வந்த வழியே கீழே இறக்குகிறார். இழுக்கிறார். முடிச்சு உட்காருகிறது. எவ்வளவு பாரம் ஏறினாலும் இறுகாது, நழுவாது. வேண்டும்போது இரண்டு விரலால் அவிழும்.

தன் முழு எடையையும் சேலையில் தொங்கவிட்டுப் பார்க்கிறார். மூச்சை நிறுத்திப் பார்க்கிறார். பிறகு குழந்தையை வாங்குகிறார்.

*

காது.

முதலில் போவது மெல்லிய, உயர்ந்த சத்தங்கள். கொசுவின் சத்தம். கொலுசு. குக்கரின் விசில். பிறகு குழந்தைகளின் குரல்.

பேரன் பேசுகிறான். அப்பா அவன் வாயைப் பார்க்கிறார். பையன் கையைப் பிடித்து இழுக்கிறான். இழுக்கும் திசையில் போகிறார். ஒரு விரல் மேலே. உள்ளங்கை கீழே. இருவருக்குள்ளும் ஒரு பேச்சு ஓடுகிறது. எங்களுக்கு முழுதும் பிடிபடுவதில்லை.

மிஷின் வாங்கிக் கொடுக்கிறோம். இரண்டு நாள் போடுகிறார். எல்லாம் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்கிறார். டப்பாவில் வைத்துவிடுகிறார்.

*

மணப்பாடு. மாலை. கோயில் குன்றுக்குக் கீழே மணலில் உட்காருகிறார். செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, பக்கத்தில் வைக்கிறார்.

கடலைப் பார்க்கிறார்.

அம்மா சுண்டல் வாங்கி வருகிறாள். பொட்டலம் கையில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

இருட்டுகிறது. போவோமா என்கிறாள் அம்மா. காதில் விழவில்லையோ என்று தோளைத் தொடுகிறாள். எழுந்துகொள்கிறார், உடனே, முழு விழிப்போடு.

*

விக்ராந்த் 1997 ஜனவரியில் பணியிலிருந்து விடைபெறுகிறது. மும்பையில் சில வருஷம் அருங்காட்சியகம். அவருடைய ஓய்வுக்குப் பிறகு எல்லோரும் போகிறோம்.

விமானக்கூடத்தில் கூட்டம். பிள்ளைகள் விமானத்தைத் தொடுகிறார்கள். அப்பா விமானங்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். ஓர் இடத்தில் நிற்கிறார். மூடிய ஹேட்ச். சுற்றிலும் புதுப் பெயிண்ட். அதற்குக் கீழே போக வழி இல்லை.

குனிந்து, உள்ளங்கையை அதன் மேல் வைக்கிறார்.

அதிர்வு இல்லை. ஜில்லென்று இருக்கிறது என்கிறார்.

*

2014இல் கப்பலை உடைக்கிறார்கள். 2016இல் அதன் இரும்பு கலந்த பைக் ஒன்று விற்பனைக்கு வருகிறது. பஜாஜ் வி. எதிர்வீட்டுப் பையன் வாங்குகிறான். அப்பாவை அழைத்துக் காட்டுகிறான்.

பெட்ரோல் டேங்க்கின் மேல் கை. அதே உள்ளங்கை. பையன் ஸ்டார்ட் செய்கிறான். அப்பா தலையாட்டுகிறார்.

"மைலேஜ் எவ்வளவு குடுக்கு?"

*

2022 செப்டம்பர் 2. கொச்சி. அதே பெயரில் புதுக் கப்பல். தொலைக்காட்சியில் வெள்ளைச் சீருடைகள். அறிவிப்பாளர் சொல்கிறார், நான்கு எரிவாயு டர்பைன்கள். நான் எழுதிக் காட்டுகிறேன். பாய்லர் கிடையாது, அப்பா.

படிக்கிறார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்க்கிறார்.

"நல்லது. கீழ சூடு இருக்காது."

*

மருத்துவமனை. தை மாதம். தலைக்கு மேலே டிரிப். குப்பியிலிருந்து சிறு கூடு, அதில் சொட்டு, அதற்குக் கீழே தண்ணீரின் மட்டம்.

அவர் கண் அங்கே. மணிக்கணக்காக அங்கே. ஒரு விரலை உயர்த்துகிறார். நர்ஸ் வந்து பார்க்கிறார். குப்பி தீரப் போகிறது. மாற்றுகிறார்.

மட்டம் நடுவுக்கு வருகிறது. விரல் இறங்குகிறது.

*

அவருக்கு மூன்றாம் நாள் அதிகாலை இல்லை.

*

முன்னாள் படைவீரர்கள் சிலர் வருகிறார்கள். பெரும்பாலும் ராணுவத்தில் இருந்தவர்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. ஒருவருக்கு முழங்காலில் பட்டை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு வரிசையாக நிற்கிறார்கள். சல்யூட். கை நடுங்குகிறது. இறக்கும்வரை நடுங்குகிறது.

சாமியானா காற்றில் அடித்துக்கொள்கிறது. முடிச்சை யாரோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

*

நவம்பர். அம்மாவின் உயிர்வாழ் சான்று. குடும்பப் பென்ஷன் நிற்காமல் வர, உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டும்.

இ-சேவை மையம். கருவியில் பெருவிரல். பதியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி. பதியவில்லை. மற்ற விரல்கள். ஓலைப்பெட்டி முடைந்த விரல்கள். ரேகை தேய்ந்திருக்கிறது.

கண்ணைக் காட்டச் சொல்கிறாள் அங்கே இருக்கும் பெண். அம்மா குனிகிறாள். சின்ன வெளிச்சம். ஆச்சி, இமைக்காதீங்க. இமைக்காமல் இருக்கிறாள்.

பச்சை விளக்கு. பதிந்துவிட்டது.

வெளியே வந்து தண்ணீர் குடிக்கிறாள். உங்கப்பா இந்த மாசத்தில் சட்டை மாத்திப் போட்டுட்டுக் காலையிலேயே போயிருவாக என்கிறாள்.

*

ஈரத் துணி கொடியில். சொட்டு. இடைவெளி. சொட்டு.

எண்ணுவதில்லை.

*

எதிர்வீட்டுப் பையனின் தம்பி வருகிறான். அக்னிவீர் தேர்வில் எடுபட்டிருக்கிறான். கடற்படை. ஒடிசாவில் சில்காவுக்குப் போக வேண்டும். நான்கு வருஷம். அதற்குப் பிறகு நான்கில் ஒருவருக்கு மட்டும் தொடர வாய்ப்பு.

திண்ணையில் உட்காருகிறான். அம்மா அவனுக்குக் காபி கொண்டுவருகிறாள். தாத்தா பெட்டியைப் பார்க்கணும் என்கிறான். காட்டுகிறாள். மூடியின் மேலே இருக்கும் எண்ணை வாய்க்குள் படிக்கிறான்.

நீச்சல் தெரியணுமா ஆச்சி?

அங்க போய் படிச்சுக்கலாம். அவுகளும் அங்க போய்த்தான் படிச்சாக.

கப்பலில் எந்தப் பக்கம் வேலை என்று அம்மா கேட்கிறாள். மேலயா, கீழயா.

இன்னும் சொல்லலை ஆச்சி. பயிற்சி முடியுறப்பதான் சொல்லுவாங்களாம்.